கரும்புகை கக்கும் ஜீப்புக்கு பம்ப் ஸ்க்ரூ மருந்தல்ல

கேள்வி: 2013-ம் ஆண்டு தார் ஜீப், டி.ஐ. டர்போ இன்ஜின். இரண்டு வருடம் முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சுமையோடு ஓடைக் கரை ஏறினால் கரும்புகை தள்ளுகிறது. இழுவை இல்லை. மைலேஜ் 11-லிருந்து 8-க்கு வந்துவிட்டது. 'பம்பைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் இழுக்கும்' என்று பட்டறையில் சொல்கிறார்கள். கூட்டலாமா?
- வாசகர், விஸ்வநத்தம், விருதுநகர் மாவட்டம்

கூட்டக் கூடாது. கரும்புகை வருகிறது என்றாலே உள்ளே போகும் டீசல் முழுதாக எரியவில்லை என்று பொருள். எரியாத டீசலுக்கு மேல் இன்னும் டீசலை ஊற்றினால் புகைதான் கூடும். இரண்டு மூன்று நாள் இழுவை கூடியது போலத் தெரியும். அதன் பிறகு பிஸ்டனும் டர்போவும் கணக்குக் கேட்கும்.

விஸ்வநத்தம் வாசகருக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அவர் வீட்டில் பட்டாசுக்கான காகிதக் குழாய் சுற்றுகிறார்கள். சுற்றிய குழாய்களை வாரம் ஒருமுறை அதே ஜீப்பில் ஆலைக்குக் கொண்டுபோய் இறக்குவது வழக்கம். போன மாதம் ஆலை வாசலில் காவலாளி வண்டியைப் பார்த்துவிட்டு, 'இந்தப் புகையோடு உள்ளே வராதீங்க அண்ணாச்சி' என்று திருப்பி அனுப்பிவிட்டார். வாசகருக்கு அதில் வருத்தம். ஆனால் காவலாளி செய்தது நூற்றுக்கு நூறு சரி. ஏன் என்பது கீழே வருகிறது.

முதலில் கணக்கு. ஒரு லிட்டர் டீசல் எரிய ஏறக்குறைய 12 கிலோ காற்று வேண்டும். 12 கிலோ காற்று என்றால் பத்தாயிரம் லிட்டர். அதுவும் ஏட்டுக் கணக்குதான். புகையில்லாமல் எரிய வேண்டுமானால் அதற்கு மேலும் கொடுக்க வேண்டும். சாதாரண இன்ஜின் அந்தக் காற்றைத் தானே மூச்சிழுத்து எடுத்துக்கொள்கிறது. டர்போ இன்ஜினில், வெளியே போகும் புகையின் வேகம் ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. ஆக, டர்போ வண்டியில் இழுவை என்பது பாதி டீசல், பாதி காற்று. மூச்சு அடைத்துக்கொண்ட ஆளுக்கு இன்னும் ஒரு கவளம் சோறு ஊட்டினால் என்ன ஆகுமோ, காற்றில்லாத டர்போ இன்ஜினுக்குப் பம்பைக் கூட்டினால் அதுதான் ஆகும்.

எனவே பார்க்க வேண்டிய வரிசை இது: காற்று, பிறகு டீசல், பிறகு டேப்பெட், கடைசியாகத்தான் பம்ப். பட்டறைகளில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. ஸ்க்ரூவைத் திருப்ப ஐந்து நிமிடம் போதும், காற்றுக் கசிவைத் தேட அரை நாள் ஆகும் என்பதுதான் காரணம்.

ஏர் ஃபில்டரிலிருந்து தொடங்கலாம். சித்திரை, வைகாசியில் சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம் மண் பாதையில் ஒரு வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டி போனால் முன்னால் போகும் வண்டியே தெரியாது. அந்தக் கரிசல் புழுதி மாவு மாதிரி. மேலே சொன்ன பத்தாயிரம் லிட்டர் காற்றோடு அதுவும் சேர்ந்துதான் வருகிறது. ஃபில்டரை பங்க்சர் கடைக்குக் கொண்டுபோய் கம்ப்ரசர் காற்றை வெளியிலிருந்து ஓங்கி அடிப்பது பலருடைய பழக்கம். இதைவிடக் கெட்ட வேலை இல்லை. தூசி காகித மடிப்புக்குள் இன்னும் ஆழமாகப் போகும். காற்று வேகம் அதிகமானால் காகிதத்தில் ஊசித்துளை விழும். தட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மெதுவாகத் தட்ட வேண்டும். காற்று அடித்தால் உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில் அடிக்க வேண்டும். பிறகு இருட்டான அறையில் ஃபில்டருக்குள் ஒரு டார்ச்சை எரியவிட்டுச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தால் அந்த ஃபில்டர் குப்பைக்குத்தான். இரட்டை ஃபில்டர் உள்ள வண்டிகளில் உள்ளே இருக்கும் சிறியதைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்ற மட்டுமே வேண்டும். சில நூறு ரூபாய் ஃபில்டருக்குக் கணக்குப் பார்த்து இன்ஜினைப் பறிகொடுத்தவர்கள் டிராக்டர்காரர்களிலும் நிறையப் பேர்.

பழைய ஜீப்புகளிலும் பல டிராக்டர்களிலும் எண்ணெய்த் தொட்டி ஏர் கிளீனர் இருக்கும். அதில் அடியில் சேறு கட்டியதும் எண்ணெயை மாற்ற வேண்டும். கோட்டுக்கு மேல் ஊற்றினால் இன்ஜின் அந்த எண்ணெயையே உறிஞ்சிவிடும். புழுதிக் காலத்தில் தினமும் மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது.

ஃபில்டர் நன்றாக இருந்தும் பயன் இல்லாமல் போவது எங்கே என்றால், குழாய்களில். இங்கே இரண்டு பகுதி உண்டு. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள குழாயில் வெடிப்பு இருந்தால், வடிகட்டாத புழுதி நேராக உள்ளே போகும். டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள குழாயில் வெடிப்பு இருந்தால், அழுத்திய காற்று வெளியே போய்விடும். அதனால் கரும்புகை வரும், இழுவை குறையும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. ஏற்றத்தில் மிதிக்கும்போது 'உஸ்' என்ற சத்தம் கேட்கும். முதல் வகையில் சத்தமே வராது. அதனால் அதுதான் ஆபத்தானது. ஃபில்டரைத் தாண்டி உள்ள குழாயைக் கழற்றி விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரலில் மண் ஒட்டினால், வண்டி எத்தனையோ நாளாக மண் தின்றுகொண்டிருக்கிறது. லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம். தேங்கி நின்றால்தான் கவலை.

இந்த இரண்டையும் பார்த்துவிட்டு எழுதச் சொல்லி விஸ்வநத்தம் வாசகருக்குத் தகவல் அனுப்பப்பட்டது. பத்து நாளில் பதில் வந்தது. ஃபில்டர் காகிதத்தில் டார்ச் வெளிச்சத்தில் ஏழெட்டுப் புள்ளிகள் தெரிந்தன. ஃபில்டர் பெட்டியின் மூடியில் இருந்த ரப்பர் ஒரு பக்கம் நசுங்கி நின்றது. டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயில், கிளாம்ப் இறுக்கிய இடத்துக்கு அடியிலேயே பாதிச் சுற்றுக்கு வெடிப்பு. மேலே பார்த்தால் தெரியாது, கழற்றினால்தான் தெரியும். சோப்புத் தண்ணீர் தடவி, இன்ஜினை ஓடவிட்டு ரேஸ் கொடுத்தபோது அந்த இடத்தில் நுரை கொப்பளித்ததாம். இரண்டு வருடத்தில் மூன்று பட்டறை பார்த்த வண்டி அது. ஒருவர்கூட அந்தக் கிளாம்பைக் கழற்றவில்லை.

அந்தப் பதிலில் இன்னொரு செய்தியும் இருந்தது. அது அவ்வளவு நல்ல செய்தி இல்லை. டர்போவின் காற்றுப் பக்கச் சக்கரத்தில் இலைகளின் ஓரம் மழுங்கி, ரம்பம் தேய்ந்த மாதிரி இருக்கிறது. மண் தின்றதன் அடையாளம் இது.

டர்போவைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. அதன் தண்டு உலோகத்தின் மேல் உட்கார்ந்து சுற்றுவதில்லை, ஆயிலின் மெல்லிய படலத்தின் மேல் மிதந்தபடி சுற்றுகிறது. அந்தப் படலம் ஒரு நொடி அறுந்தாலும் தண்டு தேயும். புகைப் பக்கத்தில் இருக்கும் சக்கரத்துக்கோ, சுமையோடு ஏறும்போது 600, 700 டிகிரி சூடு.

அதனால் ஸ்டார்ட் செய்தவுடன் ரேஸ் கொடுக்கக் கூடாது. அரை நிமிடமாவது ஸ்லோவில் ஓடவிட்டு, ஆயில் மேலே ஏறியபின் நகர்த்த வேண்டும். அதுபோலவே சுமையோடு ஏறி வந்து நின்றவுடன் சாவியைத் திருப்பி அணைக்கக் கூடாது. இன்ஜின் நின்றால் ஆயில் பம்பும் நின்றுவிடும். சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். சூட்டில் அங்கே தங்கிய ஆயில் கருகிக் கரியாகி, ஆயில் போகும் வழியை அடைக்கும். ஒன்று இரண்டு நிமிடம் ஸ்லோவில் ஓடவிட்டு அணைத்தால் போதும். வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம்கூட இல்லை.

டர்போ நன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, அணைத்திருக்கும்போதே, காற்றுக் குழாயைக் கழற்றிச் சக்கரத்தை விரலால் சுற்ற வேண்டும். தடங்கலின்றிச் சுற்ற வேண்டும். தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் மிகச் சிறிய ஆட்டம் இருக்கும், அது இயல்பு. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் கைக்குத் தெரியக் கூடாது. இலை கூட்டில் உரசினால் அதன் காலம் முடிந்தது. விஸ்வநத்தம் வண்டியில் உரசவில்லை, ஆனால் முன்பின் ஆட்டம் கைக்குத் தெரிகிறது. நடுப்பகுதியை மட்டும் மாற்றி, பேலன்ஸ் பார்த்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. புது டர்போ வாங்கும் முன் அங்கே விசாரிக்கலாம்.

ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடையே ஊற்ற வேண்டும். டர்போ டீசலுக்கு என்று டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். டிராக்டருக்கு வாங்கிய மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றக் கூடாது. புத்தகத்தில் சொல்லும் கிலோமீட்டர் நல்ல ரோட்டுக்கு. புழுதி, சுமை, ஓடை மணல் என்று ஓடும் வண்டிக்கு அதில் பாதியிலேயே ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுவதுதான் சரி. அளவுக் கம்பியில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான்.

அடுத்தது டீசல். இதில் பகை இரண்டு: தண்ணீரும் அழுக்கும். டீசல் ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். வாரம் ஒருமுறை ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் வடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். பம்புக்கும் நாசிலுக்கும் டீசலேதான் எண்ணெய். தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் உள்ளே உலோகம் உலோகத்தோடு உரசும். மலிவாகக் கிடைக்கிறது என்று கேனில் வாங்கும் டீசலில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்குத்தான் வெளிச்சம்.

நாசில் தேய்ந்தால் டீசல் பனி மாதிரித் தெளிக்காமல் சொட்டும். சொட்டிய டீசல் எரியாது, பிஸ்டன் தலையில் விழுந்து அந்த ஒரே இடத்தைச் சுட்டுத் துளைக்கும். நாசிலை மேசையில் வைத்து அழுத்தம் பார்க்கும் பம்ப் கடைகள் பெரிய ஊர்களில் இருக்கின்றன. நான்கையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இன்ஜின் ஒத்து ஓடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. எந்த நாசிலில் கோளாறு என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். காமன் ரெயில் இன்ஜினில் இதைச் செய்யவே கூடாது. கார் டயரில் இருக்கும் காற்றைப் போல ஐநூறு மடங்குக்கும் மேலான அழுத்தம் அந்தக் குழாயில் இருக்கிறது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே பார்த்தால் ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் இருக்கும். வலிகூட முதலில் தெரியாது. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனால் விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலை வரும். அந்த மாதிரி பட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போய், 'டீசல் அழுத்தத்தில் உள்ளே போய்விட்டது' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இனி பம்ப். பம்பில் இரண்டு வேலை இருக்கிறது. எவ்வளவு டீசல் என்பது ஒன்று, எந்த நேரத்தில் என்பது இன்னொன்று. 'பம்பைக் கூட்டுவது' என்று பட்டறையில் சொல்வது முதல் வேலையை. அந்தத் திருகில் கம்பெனி சீல் இருக்கும். சீலை உடைத்துக் காது கேட்டபடி, கண் பார்த்தபடி திருப்புவது குருட்டு வைத்தியம். நேரம் என்பது டைமிங். அது முந்தினால் இன்ஜின் கடகடவென்று அடிக்கும். பிந்தினால் வெள்ளைப் புகை வரும், சூடு ஏறும், இழுவை போகும். டைமிங்கைப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு, கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். டேப்பெட் இடைவெளியும் அப்படித்தான். சூடாக இருக்கும்போது பார்க்க வேண்டுமா, ஆறிய பின்னா என்பதும் புத்தகத்தில் இருக்கும். இடைவெளி குறைந்தால் வால்வு சரியாக மூடாமல் கருகிவிடும்.

விஸ்வநத்தம் வண்டியில் பம்ப் சீல் ஏற்கெனவே உடைந்திருக்கிறது. விற்றவர் காலத்திலேயே யாரோ கூட்டியிருக்கிறார்கள். காற்று குறைவு, டீசல் அதிகம் என்று இரண்டு பக்கமும் அடி. இப்போது பம்பை இறக்கி, கடையில் மேசையில் ஏற்றி, கம்பெனி அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி சீல் வைக்கச் சொல்ல வேண்டும். வண்டியில் வைத்தே குறைக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

புது வண்டிக்காரர்களுக்கும் இதே ஆசை வேறு வடிவில் வருகிறது. 2010-ல் தார் வந்தபோதே டி.ஐ. ஒரு வகை, காமன் ரெயில் ஒரு வகை என்று இரண்டு இன்ஜின் இருந்தது. இரண்டாவது வகையில் திருப்ப ஸ்க்ரூ கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர். அதனால் 'சிப் பாக்ஸ்' விற்கிறார்கள். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை செய்வது ஒரு சிறு பொய். ரெயிலில் அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரை நம்பவைத்து, அழுத்தத்தைக் கூட்டவைப்பது. கூடுதல் பளு நாசில், பம்ப், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாவற்றின் மேலும் விழும். விளையாட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவர்கள் அதற்கேற்ப மற்றதையும் மாற்றிக்கொண்டு செய்வார்கள். புண்ணாக்கு மூட்டையும் மருந்து டிரம்மும் ஏற்றும் வண்டிக்கு அது எதற்கு? சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்குழாயிலேயே கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. டீசலைக் கூட்டினால் அது சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். அதை வெட்டி எடுத்துவிடலாம் என்று ஆலோசனை சொல்பவர்களை அண்ட விடக் கூடாது.

இப்போது ஆலைக் காவலாளிக்கு வருவோம். கரும்புகை என்பது கரித்தூள். வண்டி மெதுவாக ஓடும்போது அது சைலன்சருக்குள் படிந்து ஏடு கட்டும். பிறகு ஏற்றத்தில் ஓங்கி மிதித்தால் அந்த ஏடுகள் பெயர்ந்து, கனன்றபடி வெளியே தெறிக்கும். பகலில் கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாதாரணமாக அது தரையில் விழுந்து அணைந்துவிடும். விழும் இடத்தில் மருந்துத் தூள் இருந்தால்? சோளத் தட்டைப் படப்பு இருந்தால்? 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் வேனில் பட்டாசு ஏற்றும்போது பிடித்த தீயில், புகை பக்கத்து ஸ்கேன் மையத்துக்குள் புகுந்து, சிகிச்சைக்கு வந்தவர்களின் உயிரையும் கொண்டுபோனதை அந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த ஊர்களில் பொறி என்பது சாதாரணச் சொல் இல்லை.

இப்படிப்பட்ட இடங்களுக்குள் போகும் வண்டிகளின் புகைக்குழாய் முனையில் ஸ்பார்க் அரெஸ்டர் பொருத்துவது இதனால்தான். பொறியை உள்ளேயே சுழற்றியோ வலையில் தடுத்தோ அணைக்கும் சிறு கருவி அது. ஆனால் அதை மாட்டிவிட்டால் கரும்புகை வண்டியும் யோக்கியமாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. கரி கக்கும் வண்டியில் அதன் வலை சில வாரத்தில் அடைத்துக்கொள்ளும். புகை வெளியே போக வழி இல்லாமல் இன்ஜின் இன்னும் திணறும், இன்னும் கரி வரும். கழற்றித் தட்டிச் சுத்தம் செய்து மாட்ட வேண்டும். அடைத்துவிட்டதே என்று வலையைக் குத்தி ஓட்டை போட்டு வைப்பவர்களும் உண்டு. அதற்கு மாட்டாமலே இருக்கலாம், மாட்டியிருக்கிறோம் என்ற பொய் நம்பிக்கையாவது இருக்காது. வண்டி சரியாகி, புகைச் சான்று எடுத்து, அரெஸ்டரும் பொருத்திய பிறகே வாசகர் ஆலைக்குப் போவது நல்லது. அதுவரை குழாய்களை வேறு வண்டியில் அனுப்பட்டும். திரும்பி வரும்போது பட்டாசோ மருந்தோ ஏற்றிவருவது என்ற பேச்சே வேண்டாம். வெடிபொருள் ஏற்றும் வண்டிக்கு விதிமுறைகளே தனி.

தட்டை, வைக்கோல் ஏற்றும் எல்லோருமே கவனிக்க வேண்டியது இன்னொன்று. வண்டிக்கு அடியில் சைலன்சர் மேல் தட்டையும் பருத்தி மாறும் சிக்கிக் கிடக்கும். வயலைவிட்டு ஏறும் முன் குனிந்து ஒருமுறை பார்த்து எடுத்துவிட வேண்டும். காய்ந்த புல்லுக்கு நடுவே சூடான வண்டியை நிறுத்தவும் கூடாது.

சூட்டைப் பற்றியும் கொஞ்சம். விருதுநகர் மாவட்டத்தில் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே காரை படிந்து தண்ணீர் ஓட்டம் குறையும். கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றுவதே சரி. வழியில் அவசரமென்றால் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் பரவாயில்லை. ரேடியேட்டரின் முன்பக்க இடுக்குகளில் பஞ்சும் புல் விதையும் அடைந்திருக்கும். இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரால் கழுவ வேண்டும். ஓங்கிப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வருடம் தவறாமல் யாராவது முகத்தைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

வாசகர் கேட்காத ஒன்று, ஆனால் அவர் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது. ஓடைக் கரையை எந்தக் கியரில் ஏறுகிறார்? நான்கு சக்கர இழுவை உள்ள தாரில் பக்கத்துக் குச்சியை லோவுக்குத் தள்ளினால், சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். வண்டியை நிறுத்திவிட்டு லோ போட்டு, இரண்டாம் கியரில் ஏறினால் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதிக்க வேண்டிய தேவையே இல்லை. மணலில் டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் சுலபம், ரோட்டுக்கு வந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும். பம்ப் ஸ்க்ரூவில் தேடும் இழுவை கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பலர் வண்டி வாங்கிய நாளிலிருந்து அந்தக் குச்சியைத் தொட்டதே இல்லை. மாதம் ஒருமுறையாவது போட்டு எடுத்தால்தான் துருப்பிடிக்காமல் இருக்கும். தார் ரோட்டில் மட்டும் நான்கு சக்கர இழுவையோடு ஓட்டக் கூடாது.

செலவுக் கணக்கும் பார்த்துவிடலாம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி. மைலேஜ் 11 என்றால் 91 லிட்டர், 8 என்றால் 125 லிட்டர். வித்தியாசம் 34 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் புகையாகப் போகிறது. மைலேஜை மீட்டர் முள் பார்த்துச் சொல்லக் கூடாது. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ஊற்றிய லிட்டரால் வகுத்து ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். வண்டிக்கு நோய் வந்தால் முதலில் சொல்வது அந்த நோட்டுதான்.

கடைசியாக, விஸ்வநத்தம் வண்டியின் இப்போதைய நிலை. ஃபில்டர், மூடி ரப்பர், குழாய் மூன்றையும் மாற்றிவிட்டார். கரும்புகை பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. பம்ப் கடையில் இருக்கிறது. கம்ப்ரஷன் பார்த்ததில் மூன்று சிலிண்டர் ஏறக்குறைய சமம், ஒன்று மட்டும் குறைவு. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்சம் நீலப் புகையும் இருக்கிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. மண் தின்ற இன்ஜினில் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் உடனே இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. பம்ப், டர்போ இரண்டும் சரியாகி வந்தபின் 1,000 கிலோமீட்டர் ஓட்டி, எவ்வளவு ஆயில் குறைகிறது என்று அளந்து எழுதட்டும். தேய்ந்த டர்போவே ஆயிலைக் கசியவிட்டிருக்கவும் கூடும். அளவு தெரிந்த பிறகு இன்ஜின் வேலையா, இந்த வெள்ளாமை முடியும்வரை இப்படியே ஓட்டுவதா என்று முடிவு செய்யலாம்.

கேள்வி: டிராக்டருக்கு டீசலை பேரலில் வாங்கி வைக்கிறோம். அடியில் வழுவழுவென்று கருப்பாகப் படிகிறது. அது என்ன?
- வாசகர், சாத்தூர்

பேரலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. பாதி காலியான பேரலில் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும்போது உள்ளே வியர்த்துத் தண்ணீர் இறங்கும். டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து அந்த வழுவழுப்பை உண்டாக்குகின்றன. அந்த டீசலை அப்படியே ஊற்றினால் ஃபில்டர் அடைக்கும். பேரலை நிழலில், ஒரு பக்கம் சற்றே சாய்த்து வைத்து, உயர்ந்த பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். அடியில் நாலு விரல்கடை டீசலைத் தொடக் கூடாது. பேரலை முழுதாகக் காலி செய்து கழுவிக் காயவைத்த பிறகே புதுச் சரக்கு ஊற்ற வேண்டும். பிளாஸ்டிக் புனலில் பழைய வேட்டித் துணியைக் கட்டி வடிகட்டுவதும் வேண்டாம், பஞ்சு நூல் பம்புக்குப் போகும். மெல்லிய கம்பி வலை உள்ள புனல் கடைகளில் கிடைக்கும். தேவைக்கு மேல் டீசலை வீட்டில் சேர்த்து வைக்காமல் இருப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

கேள்வி: மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீரில் ஜீப்பை இறக்கலாமா?
- வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

இறங்கி நடந்து பார்க்காத தண்ணீரில் வண்டியை இறக்கக் கூடாது. முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீர் ஆளையும் வண்டியையும் ஒன்றாக இழுக்கும். மலையில் மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் எந்த நேரமும் ஏறும். அமைதியாக நிற்கும் தண்ணீர் என்றாலும், காற்று உறிஞ்சும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பானட்டைத் திறந்து பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் அந்த வாய்க்குள் போனால் சிலிண்டரில் அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. கட்டி இழுத்து வெளியே கொண்டுவந்து, நாசில்களைக் கழற்றி, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஏற்றம் ஏறி வந்த சூட்டோடு தண்ணீரில் இறக்குவதும் தவறு. கொதிக்கும் டர்போவில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விழும். கரையில் ஐந்து நிமிடம் நிறுத்தி ஆறவிட்டு இறக்க வேண்டும். மறுநாள் காலையில் இன்ஜின் ஆயில், கியர் ஆயில், முன்பின் ஆக்ஸில் ஆயில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் அங்கேயே மாற்ற வேண்டும்.